உரிமை ஒரு தட்டு, பொறுப்பு ஒரு தட்டு: வளரும் பிள்ளைகளுக்கு நுகர்வோர் கல்வி

(டெல்லியில் நமது சங்க உறுப்பினர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது கூட்டங்களில் ஆன்மிகம், சங்கீதம், ஆரோக்கியம் ஆகியவற்றைப் பற்றிப் பேச அறிஞர்கள் பலர் வருகிறார்கள். அடியேன் இன்று கடைவீதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பௌதிகம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவன் நான். எடை, அளவு சம்பந்தமான கோப்புகளைச் சில வருஷங்கள் பார்த்தவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

முதலில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேருக்கு நுகர்வோர் உரிமைகள் ஆறும் தெரியும்? பரவாயில்லை, பாதிப் பேர் கை தூக்கிவிட்டீர்கள். பத்தாம் வகுப்புப் பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் ஐந்தாவது அத்தியாயமாகப் பல வருஷங்களாக இருக்கும் விஷயம்தான் இது. இரண்டாவது கேள்வி. கடையில் வாங்கிய பொருள் சரியில்லை என்று நீங்களே திரும்பப் போய்க் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஒன்று, இரண்டு, மூன்று. ஆக, மார்க் வாங்கத் தெரிந்த அளவுக்கு மாற்றி வாங்கத் தெரியவில்லை.

இதில் பிள்ளைகளின் தவறு எதுவும் இல்லை. நம் வீடுகளில் கடைக்குப் போவது அப்பா, புகார் சொல்வது அம்மா, "போனால் போகிறது, விடு" என்பது தாத்தா. பிள்ளையின் வேலை படிப்பது மட்டும். அப்படியே பதினேழு வயது வரை வளர்த்து, பிறகு ஒரு நாள் பெட்டி படுக்கையுடன் கோட்டாவுக்கோ, பிலானிக்கோ, பெங்களூருக்கோ ரயிலேற்றி விடுகிறோம். அன்று முதல் அறை வாடகை, முன்பணம், மெஸ், பயிற்சிக் கட்டணம், மொபைல் திட்டம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் அந்தக் குழந்தை தனியாகச் சமாளிக்க வேண்டும். நீச்சல் தெரியாமல் ஆற்றில் இறங்குகிற கதைதான். ஆகவே பதின்மூன்றிலிருந்து பதினெட்டுக்குள் இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

சரித்திரம் சுருக்கமாக

1962 மார்ச் 15 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் உண்டு என்று அந்நாட்டுக் காங்கிரசுக்குச் செய்தி அனுப்பினார். அதனால்தான் மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை நாள் ஆயிற்று. நம் நாட்டில் 1966-இலேயே பம்பாயில் சில பெண்மணிகள் சேர்ந்து நுகர்வோர் சங்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். 1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் வருஷச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பாதுகாப்பு, தகவல், தேர்ந்தெடுத்தல், நம் குரல் கேட்கப்படுதல், நிவாரணம், நுகர்வோர் கல்வி என்ற ஆறு உரிமைகளை அது தருகிறது.

ஆனால் இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் எடை அளவுகளைக் கண்காணிக்கப் பௌதவாத்யக்ஷர் என்று ஓர் அதிகாரியே உண்டு. நான்கு மாதத்துக்கு ஒரு முறை வியாபாரி தன் எடைக்கற்களுக்கு முத்திரை வாங்க வேண்டும், முத்திரையில்லாவிட்டால் அபராதம் என்று அதில் விதி இருக்கிறது. திருவள்ளுவரும் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலைத்தான் உவமையாகச் சொன்னார்.

முதல் பாடம்: படித்துப் பார்த்து வாங்குவது

சயன்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஒரு கிலோ என்றால் என்ன? 2019 மே 20 முதல் அது பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. அதற்கு முன் பாரிஸ் அருகே இருந்த ஓர் உலோக உருளைதான் உலகத்துக்கே கிலோ. அதன் பிரதிகளில் 57-ஆம் எண்ணுள்ளது நம் டெல்லியில், பூசாவிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து பிராந்திய ஆய்வுக்கூடம், அங்கிருந்து மாநில அதிகாரி, அவரிடமிருந்து உங்கள் தெருமுனைக் காய்கறிக்காரர் தராசு வரை ஒரு சங்கிலி வருகிறது. தராசில் இருக்கும் சிறிய முத்திரைதான் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அடுத்த முறை காய் வாங்கும்போது அந்த முத்திரை எங்கே என்று தேடிப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். சமையல் காஸ் சிலிண்டர் வந்ததும், அதைக் கொண்டுவந்தவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அது நமக்குள்ள உரிமை. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். மொத்த எடையில் அதைக் கழித்தால் 14.2 கிலோ வர வேண்டும். கைப்பிடி வளையத்தை ஒட்டிய தகட்டில் ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். அந்தத் தேதிக்குள் சிலிண்டரை மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்று அர்த்தம். தேதி கடந்த சிலிண்டரை வாங்கக் கூடாது. தகவல் பெறும் உரிமை, பாதுகாப்பு உரிமை இரண்டும் ஐந்து நிமிஷத்தில் சமையலறையிலேயே பாடமாகிவிடும்.

பொட்டலத்தில் அடைத்த சாமான் என்றால் நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம் வருஷம், தயாரித்தவர் விலாசம், புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சாப்பிடும் சாமானில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற எழுத்துகளும் 14 இலக்க லைசென்ஸ் எண்ணும் இருக்கும். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் பல வருஷமாகப் பத்து ரூபாய்தான். உள்ளே கிராம் குறைந்துகொண்டே வருகிறது. எனவே பாக்கெட்டின் விலையைப் பார்க்காமல், ஒரு கிராம் என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள்.

மின்சாரச் சாமானில் ஐ.எஸ்.ஐ. முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது. அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் வேண்டும். தங்க நகையில் 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் கட்டாயம். இரண்டையும் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் தட்டினால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். அடுத்த கல்யாணத்துக்கு நகை வாங்கப் போகும்போது மாமிகள் தங்கள் பேரன் பேத்தியை அழைத்துப் போங்கள். மொபைலில் தட்டும் வேலையை அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் செய்வார்கள்.

இரண்டாம் பாடம்: கைப்பேசிக் கடை

பிள்ளைகளின் கடைவீதி இப்போது அவர்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. இந்தக் கடையில் தராசு இல்லை, முத்திரை இல்லை, ஆனால் பொறிகள் உண்டு. 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு அறிவித்த வழிகாட்டு நெறிகளில் இப்படிப்பட்ட 13 தந்திரங்கள் பட்டியல் போட்டுத் தடை செய்யப்பட்டிருக்கின்றன. "இன்னும் இரண்டுதான் பாக்கி, சீக்கிரம்!" என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஒன்று. நாம் கேட்காத இன்ஷூரன்சையோ நன்கொடையையோ கூடையில் சேர்த்துவிடுவது இன்னொன்று. ஒரு விலையைக் காட்டிவிட்டு, பணம் கட்டும் இடத்தில் கட்டணம் மேல் கட்டணமாக ஏற்றுவது, சந்தாவில் சேருவதைச் சுலபமாக்கி விலகுவதை மட்டும் கஷ்டமாக்குவது, "வேண்டாம், எனக்குச் சேமிக்க விருப்பமில்லை" என்று நம்மையே வெட்கப்பட வைப்பது என்று பட்டியல் நீள்கிறது.

என் பேத்திக்கு வயது பதினான்கு. இந்தப் பட்டியலை அச்சிட்டு அவளிடம் கொடுத்து, "நீ உபயோகிக்கும் செயலிகளில் இவற்றில் எத்தனை இருக்கிறது, கண்டுபிடி" என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே பிற்பகலில் ஏழு கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். "தாத்தா, இந்த டிக்கை நான் போடவே இல்லை, அதுவே போட்டு வெச்சிருக்கு!" என்று அவளுக்கு ஒரே கோபம். பத்துப் பிரசங்கம் செய்தாலும் அந்தக் கோபத்தை நான் உண்டாக்கியிருக்க முடியாது. அன்று முதல் எங்கள் வீட்டில் பணம் கட்டுவதற்கு முன் அவள்தான் கடைசியாகக் கூடையைப் பார்க்கிறாள்.

பணம் சம்பந்தமாக இரண்டே விதிகளை மனப்பாடம் செய்யுங்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவையில்லை. யாராவது கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே பெற்றோரிடம் சொல்லி, 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படிச் சொல்லும் பிள்ளையை அந்த நேரத்தில் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாது. இந்த விஷயத்தில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மூன்றாம் பாடம்: பயிற்சி மையங்கள்

நம் வீடுகளில் பிள்ளைகளுக்காகச் செலவாகும் மிகப் பெரிய தொகைகளில் ஒன்று பயிற்சி மையக் கட்டணம். ஐம்பது ரூபாய் கத்தரிக்காயைப் பொறுக்கி எடுக்கும் நாம், லட்ச ரூபாயை ஒரு விளம்பரத்தைப் பார்த்துக் கட்டிவிடுகிறோம். காலு சராய் பக்கம் போனால் சுவரெல்லாம் ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் சிரித்த முகங்கள். ஒரே முகம் இரண்டு மூன்று மையங்களின் பலகைகளில் இருப்பதும் உண்டு. அந்தப் பிள்ளை ஒரு மையத்தில் இரண்டு வருஷம் படித்திருக்கலாம், இன்னொன்றில் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியிருக்கலாம்.

2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. தேர்வில் வெற்றி பெற்ற பிறகு அந்த மாணவர் எழுத்து மூலம் சம்மதம் கொடுத்தால்தான் அவர் படத்தைப் போடலாம். அவர் எந்தப் படிப்பில், எத்தனை காலம் சேர்ந்திருந்தார், அதற்குக் கட்டணம் கட்டினாரா என்பதையும் சொல்ல வேண்டும். கண்டிப்பாக இடம் கிடைக்கும் என்று உத்தரவாதம் தரக் கூடாது. அதே வருஷம் ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளோ, முழுக் கட்டணம் கட்டியவர் இடையில் விலகினால் மீதிக் காலத்துக்குரிய பணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கின்றன. பள்ளி, கல்லூரிகளின் கல்விப் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சொன்ன தேசிய ஆணையம், பயிற்சி மையங்களுக்கு அந்த விலக்கு கிடையாது என்று 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு மையத்தில் ஒரு வருஷத்துக்கு 90,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தான். மூன்று மாதத்தில் பள்ளி நேரம் மாறி, அங்கே போக முடியாமல் போயிற்று. பணத்தைக் கேட்டால், "ஃபாரத்தில் பார், கட்டணம் திருப்பித் தரப்படாது என்று அச்சிட்டிருக்கிறது" என்றார்கள். அப்பா வெளியூர் உத்தியோகம். அம்மா என்னிடம் வந்து, "மாமா, நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துடுங்கோ" என்றார். "நான் எழுத மாட்டேன். பையன் எழுதட்டும், நான் திருத்துகிறேன்" என்றேன்.

அவன் முதலில் எழுதிக்கொண்டு வந்தது மூன்று பக்கம். அதில் இரண்டரைப் பக்கம் கோபம். கோபத்தை அடித்துவிடச் சொன்னேன். மிஞ்சியது ஐந்து விஷயம்: என்றைக்கு எவ்வளவு கட்டினோம், என்ன நடந்தது, எந்த விதிப்படி கேட்கிறோம், எவ்வளவு கேட்கிறோம், எந்தத் தேதிக்குள். ரசீது நகலை இணைத்து, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அம்மா கையெழுத்துடன் அனுப்பினான். பதினைந்து நாள் பதில் இல்லை. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தார்கள். ஆறு வாரத்தில் 60,000 ரூபாய் வந்தது.

அம்மாவுக்குச் சந்தோஷம். பையன் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டான். ஒன்பது மாதத்துக்கு 67,500 வர வேண்டும், 7,500 குறைகிறது. "இன்னொரு லெட்டர் எழுது" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், "இல்லை தாத்தா, வருஷத்துக்கு உண்டான புஸ்தகம் எல்லாத்தையும் முதல் நாளே கொடுத்துட்டா. நான் அதைத்தான் படிச்சிண்டிருக்கேன். அவா ப்ரோஷர்ல அதுக்கு 7,500-ன்னு போட்டிருக்கு. கணக்கு சரியாயிடுத்து" என்றான்.

பெரியோர்களே, எனக்குப் பணம் வந்ததைவிட இந்த வார்த்தை பெரிதாகப் பட்டது. தனக்கு வர வேண்டியதைக் கேட்கவும் தெரிந்தது, வரக்கூடாததை விடவும் தெரிந்தது. தராசின் இரு தட்டு என்று நான் சொல்வது இதைத்தான்.

புகார் செய்யும் வழி

இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் கடிதம். பிறகு 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு செய்யலாம். பல ஊர்களில் சிதறி வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு 2019-ஆம் வருஷச் சட்டம் செய்த பெரிய உபகாரம் இது. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ருதி என்ற தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம்.

"எனக்குப் பதினெட்டு ஆகவில்லையே, நான் நுகர்வோரா?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. நுகர்வோர் வயதுக்கு வராதவர் என்றால் அவருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ புகார் செய்யலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கையெழுத்து அப்பா அம்மாவுடையது. வேலை உங்களுடையதாக இருக்கட்டும்.

பொறுமையும் வேண்டும். 1999 டிசம்பரில் மதுரா ஸ்டேஷனில் ஒரு வழக்கறிஞரிடம் இரண்டு டிக்கெட்டுக்கு 70 ரூபாய்க்குப் பதில் 90 ரூபாய் வாங்கிவிட்டார்கள். 20 ரூபாய்க்காக அவர் வழக்கு நடத்தினார். தீர்ப்பு 2022 ஆகஸ்டில் வந்தது. 20 ரூபாயை வட்டியுடன் தரவும், 15,000 ரூபாய் கொடுக்கவும் உத்தரவாயிற்று. இருபத்திரண்டு வருஷம் ஆனது நம் நிர்வாகத்துக்குப் பெருமை இல்லை. எல்லோரும் அப்படிப் போராட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு தூரம் போவது என்று தீர்மானிப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய விவேகம்தான். ஆனால் ஒரு கடிதம்கூட எழுதாமல் விட்டுவிடுவது விவேகம் ஆகாது. அடுத்து வருகிறவரும் ஏமாற நாம் வழி வைத்தது போலாகும்.

மறு தட்டு

இனிமேல் சொல்லப்போவது பெரியவர்களுக்கும் சேர்த்து. "பில் வேண்டாம் என்றால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறோம். வரியும் போயிற்று, நாளைக்குப் புகார் செய்ய அத்தாட்சியும் போயிற்று, பிள்ளைக்குப் பாடமும் ஆயிற்று. ஆன்லைனில் உடுப்பு வாங்கி, ஒரு விசேஷத்துக்கு உடுத்திக்கொண்டு, சீட்டைக் கிழிக்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் சில்லறை அதிகமாகக் கொடுத்தால் அதிர்ஷ்டம் என்கிறோம். குறைவாகக் கொடுத்தால் அநியாயம் என்கிறோம். சாப்பிடாத ஹோட்டலுக்கு நண்பனுக்காக ஐந்து நட்சத்திரம் போடுவதும் பொய்ச் சாட்சிதான். பொருளில் குறை என்றால் அதைக் கொண்டுவந்த பையன் மீது கத்துவது நியாயமா? அவன் அந்தக் கம்பெனியின் முதலாளி இல்லையே.

வாங்கிய பொருளின் முடிவும் நம் பொறுப்புதான். பழைய மொபைல், பாட்டரி, சார்ஜரைக் குப்பையில் போடாமல், பழைய மின்னணுச் சாமான் சேகரிக்கும் இடத்தில் கொடுக்கப் பழக்குங்கள். இதையும் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம்.

நான்கு வேலைகள்

கடைசியாக, வீட்டுக்குப் போனதும் தொடங்க நான்கு வேலைகள் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, வீட்டு ரசீதுகளையும் வாரண்டி அட்டைகளையும் ஒரு கோப்பில் வைக்கும் பொறுப்பை உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டு, மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு சாமானை விசாரித்து, ஒப்பிட்டு, பட்ஜெட்டுக்குள் பிள்ளையே வாங்கட்டும். தப்பாக வாங்கினால் திட்ட வேண்டாம். சிறு தொகையில் கற்பது லாபம். மூன்று, வீட்டில் அடுத்து வரும் புகார் எதுவானாலும், பால் பாக்கெட்டோ, இன்டர்நெட் இணைப்போ, கடிதம் எழுதுவது முதல் முடிவு வரை பிள்ளை நடத்தட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். நான்கு, நல்ல சாமானும் நல்ல சேவையும் கிடைத்தால் அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல்லவும் கற்றுக்கொடுங்கள். நேர்மையான வியாபாரிக்கு நாம் தரக்கூடிய ஆதரவு அது.

பல ஊர்களிலுள்ள நம் கிளைகளில், விடுமுறை நாள்களில் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மணி நேரப் பயிற்சி நடத்தலாம். அந்தந்த ஊரில் பணி ஓய்வு பெற்ற அதிகாரிகளும் வக்கீல்களும் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். எங்கள் அனுபவம் பென்ஷனோடு நின்றுவிட வேண்டாம். கூப்பிடுங்கள், வருகிறோம்.